குப்பியில் இருந்தது உன் சளி அல்ல

அம்மிணி,

உனக்குச் சயரோகம் வந்ததே இல்லை. இதை முதல் வரியிலேயே எழுதிவிடுகிறேன். இரண்டாம் வரிக்குத் தள்ளினால் என் புத்தி சாக்குத் தேட ஆரம்பித்துவிடும். பதினோரு வருஷமாக அதற்கு அதுதானே பழக்கம். அந்த நோய் உன் உடம்பில் ஒரு நாள்கூட இருந்ததில்லை. உன் அம்மாவுக்கு அதை ஒட்டவைத்தது நீ இல்லை. யாருக்கும் நீ எதையும் கொடுக்கவில்லை. கொடுத்தவன் நான். ஸ்லேட்டில் எழுதிக் காட்டினால் நீ படித்துவிட்டு வழக்கம்போல முந்தானையால் துடைத்துவிடுவாய். மறுநாள் நான் அப்படி எழுதவே இல்லை என்று சாதித்துவிடுவேன். என்னை எனக்குத் தெரியும். அதனால்தான் மையில் எழுதுகிறேன். படித்து முடிக்கும்வரை என்னிடம் வராதே.

நேற்று உன்னைப் பெண் கேட்டு ஓமலூரிலிருந்து வாத்தியார் வந்திருந்தார். மனைவியை இழந்தவர், மூன்று வயதில் ஒரு பெண் குழந்தை இருக்கிறது. உனக்குக் காது கேட்காது என்று தெரிந்தேதான் வந்தார். ஸ்லேட்டை வாங்கி, "உங்களுக்குச் சம்மதமா?" என்று உன்னையே கேட்டார். அப்பனை விட்டுவிட்டுப் பெண்ணைக் கேட்கிற மனிதனை நான் இப்போதுதான் பார்க்கிறேன். நீ பதில் எழுதினாய். நான் உன் முதுகுக்குப் பின்னால் நின்று மோர் குடித்துக்கொண்டிருந்தேன். "எனக்கு டி.பி. வந்த உடம்புங்க. எங்கம்மா என்னாலதான் செத்தாங்க. உங்க கொழந்தைக்கு ஒட்டிக்குமுங்க. வேற எடம் பாருங்க." எங்கேயும் நிறுத்தாமல் எழுதினாய். அவர் என்னைத் திரும்பிப் பார்த்து, "ஏனுங்க, நெசமுங்களா?" என்றார். நான் வாயைத் திறந்தேன், இருமல்தான் வந்தது. "வெள்ளிக்கிழமை மறுக்கா வாரேனுங்க. அதுக்குள்ள யோசிச்சு வெக்கச் சொல்லுங்க" என்று சொல்லிவிட்டு பஸ்ஸுக்கு நடந்தார். நீ ஸ்லேட்டைத் துடைத்துவிட்டுத் தையல் மிஷினில் போய் உட்கார்ந்தாய். ஒரு பொட்டுக் கண்ணீர்கூட விடவில்லை. நான் சொன்ன பொய்யை நீ அவ்வளவு முழுசாக நம்பியிருக்கிறாய். இன்று புதன்கிழமை. எனக்கு இரண்டு நாள்தான் இருக்கிறது.

இந்தக் குமாரபாளையத்தில் நான் ஒரு டாக்டரிடம் இருபது வருஷம் கம்பவுண்டராக இருந்தது உனக்குத் தெரியும். எப்படிப்பட்ட திமிர் பிடித்த கம்பவுண்டர் என்பது தெரியாது. ஜனங்கள் வீட்டிலிருந்து பாட்டில் கொண்டுவருவார்கள். அதில் மிக்சரை ஊற்றி, வேளைக்கு எவ்வளவு என்று தெரியக் காகிதத்தைப் பல் பல்லாக வெட்டி ஒட்டிக் கொடுப்பேன். வராண்டாவில் எவனாவது இருமினால் உள்ளே இருந்தபடியே சொல்லிவிடுவேன்: இது கக்குவான், இது இழுப்பு, இது வெறும் சளி. துருப்பிடித்த நிறத்தில் சளி துப்பி, விலாவைப் பிடித்துக்கொண்டு வந்தால் நிமோனியா. டாக்டர் நெஞ்சைத் தட்டிப் பார்த்து, குழாய் வைத்துக் கேட்டு, முதுகில் கேட்டு, அப்புறம்தான் வாயைத் திறப்பார். அதற்குள் நான் மருந்தைக் கலக்கி வைத்திருப்பேன். பத்துக்கு எட்டு சரியாகத்தான் இருக்கும். "டாக்டரைக் காட்டியும் கம்பவுண்டருக்குத்தானுங்க கைராசி" என்று தறிக்காரர்கள் சொல்வார்கள். அதைக் கேட்டுக் கேட்டு எனக்குத் தலை வீங்கிப்போயிற்று. மீதி இரண்டு பேர் என்ன ஆனார்கள் என்று நான் ஒரு நாளும் விசாரித்ததில்லை.

உனக்குப் பத்தொன்பது வயதில் திருச்செங்கோட்டிலிருந்து வந்த சம்பந்தம் உனக்கு மறந்திருக்காது. ஜவுளி வியாபாரம், சொந்த வீடு, பையனும் பார்க்க லட்சணமாக இருந்தான். அவர்கள் வீட்டு மூத்த மருமகள் சயரோகத்தில் போய்ச் சேர்ந்திருந்தாள். பெண் பார்க்க வந்த அன்று நீ காபி கொடுக்கும்போது இரண்டு தரம் இருமினாய். பையனின் அப்பா தம்ளரைக் கீழே வைத்துவிட்டார். "தப்பா நெனச்சுக்காதீங்க. நாங்க ஒருக்கா சூடு பட்டுட்டமுங்க. நீங்களே ஆஸ்பத்திரியில வேலையா இருக்கறீங்க, பொண்ணோட சளியைச் சோதிச்சு டாக்டர்கிட்ட ஒரு காயிதம் வாங்கிக் குடுத்துப்போடுங்க. மாசியிலயே முடிச்சுக்கலாம்" என்றார். நியாயமான பேச்சு. எனக்குத்தான் அது ஒத்துவரவில்லை. நீ அப்போது நாற்பது நாளாக இருமிக்கொண்டிருந்தாய். நாள் முழுக்க உன் அம்மாவோடு உட்கார்ந்து தறிக்கு நூலைக் குச்சியில் தார் சுற்றுகிறவள், பஞ்சுத் தூசி மூக்கிலும் தொண்டையிலும் போகிறது. அந்தத் தூசியை நான் கணக்கில் எடுத்திருக்கக் கூடாதா? கைராசிக்காரன் அல்லவா! உன் இருமலைக் காது கொடுத்துக் கேட்டு, இது அதுதான் என்று நானே தீர்ப்பு எழுதிவிட்டேன். நானும் அப்போது மூன்று மாதமாக இருமிக்கொண்டுதான் இருந்தேன். அது பீடி இருமல் என்று அதற்கும் நானே தீர்ப்பு எழுதியிருந்தேன்.

மறுநாள் காலையில் நீ வாய் கொப்பளித்துவிட்டு, நான் சொன்னபடி ஆழமாக இருமிக் குப்பியில் துப்பிக் கொடுத்தாய். "எல்லாம் நல்லபடியா வருமுங்களாப்பா?" என்று கேட்டாய். "அப்பன் இருக்கறப்ப உனக்கென்ன சாமி" என்றேன். ஆஸ்பத்திரிக்குப் பின்னால் சாக்கடையில் அதைக் கொட்டினேன். வெந்நீரில் குப்பியை அலசினேன். அதில் நான் துப்பினேன். மகளுக்கு ஒரு நல்லது செய்கிறேன் என்ற சந்தோஷத்தோடு துப்பினேன். கல்யாணத்தை முடித்துவிட்டு உனக்கு ரகசியமாக மருந்து கொடுத்துச் சரிப்படுத்திவிடலாம் என்று திட்டம். அந்த வீட்டுக்காரர்களுக்கு இன்னொரு நோயாளி மருமகளைக் கட்டிவைக்கிறோமே என்று ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. என்ன ஜன்மமோ நான்!

கண்ணாடியில் சளியைத் தடவி, சாயம் போட்டு, சூடு காட்டி வைத்தது நானேதான். டாக்டர் மைக்ராஸ்கோப்பில் குனிந்தார், நிமிரவே இல்லை. அப்புறம், "இது யாரோடதய்யா?" என்றார். என்னையும் பார்க்கச் சொன்னார். நீலத்தில் சின்னச் சின்னச் சிவப்புக் கோடுகள், சயரோகக் கிருமிகள். ஒன்றிரண்டு இல்லை, பார்த்த இடமெல்லாம் கிடந்தன. என் நெஞ்சுக்குள் இருந்ததை நானே பார்த்துக்கொண்டு நிற்கிறேன். "உம்பொண்ணோடதுதானாய்யா?" என்று மறுபடியும் கேட்டார். இல்லை, என்னுடையது என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? சொன்னால் குப்பியை மாற்றிய குற்றம். டி.பி. பிடித்த கம்பவுண்டர் கையால் இந்த ஊரில் எவன் மருந்து குடிப்பான்? வேலை போகும், வெளியே தலைகாட்ட முடியாது. இத்தனையும் அந்த ஒரு நிமிஷத்தில் எனக்குத் தோன்றின. உன் முகம் தோன்றவில்லை. "ஆமாங்க, பாப்பாவோடதுதானுங்க" என்றேன்.

அதற்கப்புறம் நடந்தது உனக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். திருச்செங்கோட்டுக்காரர்கள் ஆள் மூலம் சொல்லி அனுப்பினார்கள். பக்கத்து வீட்டுக்காரி குடத்தைத் தூக்கிக்கொண்டு வேறு கிணற்றுக்குப் போனாள். உன் அம்மா உனக்குத் தனித் தட்டு, தனிச் சொம்பு, தனிப் பாய் என்று பிரித்து, கொல்லைக் கொட்டாயில் கொண்டுபோய்ப் போட்டாள். "பெத்தவ வயித்துல நெருப்பை அள்ளிக் கொட்டிப்போட்டயேடி" என்று தினமும் உன் காதுபட அழுதாள். அப்போது உனக்குக் காது கேட்டது. கொட்டாய்க்குப் போன இரண்டு வாரத்தில் உன் இருமல் நின்றுவிட்டது. மருந்து வேலை செய்கிறது என்று எல்லோரும் சொன்னார்கள். மருந்தும் இல்லை மாயமும் இல்லை, தார் சுற்றுவதை நிறுத்தினாய், தூசி போகவில்லை, இருமல் நின்றது. அதைப் பார்த்த அன்றே எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. விளங்கிய பிறகும் வாயை மூடிக்கொண்டுதான் இருந்தேன்.

டாக்டர் எழுதிக் கொடுத்தது தினம் ஒரு ஸ்ட்ரெப்டோமைசின் ஊசி, கூடவே மாத்திரை. இரண்டையும் கொடுக்கிற பொறுப்பு என்னுடையது. ஊசியை எனக்கு நானே இடுப்பில் போட்டுக்கொள்ள முடியாது, உன் அம்மா பார்த்துவிடுவாள். மாத்திரையை விழுங்குவதை யார் பார்க்கப்போகிறார்கள்? ஊசியை உனக்குப் போட்டேன். மாத்திரையை நான் தின்றேன். உனக்குச் சுண்ணாம்புச் சத்து மாத்திரையைக் கொடுத்து, "நேரம் தவறாம முழுங்கோணும் சாமி" என்று புத்தி சொன்னேன். ஊசியில் வெறும் தண்ணீரை ஏற்றி உனக்குப் போட்டிருக்கலாம். அது எனக்குத் தோன்றாமல் இல்லை. ஊசி என்றால் உடம்புக்கு நல்லது என்று நம்புகிற ஊர் இது. சும்மா வருகிறவன்கூட "ஒரு ஊசி போட்டு உடுங்க" என்று கேட்டு வாங்கிப் போவான். இருபது வருஷம் மருந்து நடுவில் நின்ற நானும் அதையேதான் நம்பினேன். நோய் இல்லாதவளை மருந்து என்ன செய்துவிடும் என்று நினைத்தேன். ஒருவேளை என்னிடமிருந்து உனக்கும் ஒட்டியிருந்தால் இது அதைக் கொன்றுவிடும் என்றும் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

இரண்டாம் மாதம் நீ, "காதுக்குள்ள தறி ஓடுதுங்கப்பா" என்றாய். நான் சிரித்தேன். "நம்மூர்ல எவங்காதுல தறி ஓடலை?" என்றேன். அப்புறம் சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தாய், நிமிர்ந்தால் தலை சுற்றுகிறது என்றாய். ஒரு நாள் தடுமாறிக் குடத்தை உடைத்தாய், உன் அம்மா விறகுக் கட்டையால் அடித்தாள். இந்த மருந்து காதைத் தின்னும், கிறுகிறுப்பு வந்தால் உடனே நிறுத்து என்று டாக்டர் ஆரம்பத்திலேயே எனக்குச் சொல்லியிருந்தார். ஆம், சொல்லியிருந்தார். அவரிடம் போய்ச் சொன்னால் உன்னைக் கூட்டிவரச் சொல்வார், மறுபடி சளி எடுப்பார், இந்தத் தடவை தன் கண் முன்னாலேயே துப்பச் சொல்வார். நான் போகவில்லை. ஒரு காலை உன்னைப் பின்னாலிருந்து கூப்பிட்டேன். திரும்பவில்லை. கத்திக் கூப்பிட்டேன். திரும்பவில்லை. முன்னால் வந்து நின்றபோது நீ சொன்னது என் நெஞ்சில் இன்னும் குத்திக்கொண்டே இருக்கிறது: "எல்லாச் சத்தமும் போயிருச்சுங்கப்பா. உங்க இருமல் மட்டும் சன்னமாக் கேக்குதுங்க." அதற்குப் பிறகும் ஒன்பது ஊசி போட்டேன் அம்மிணி. கடைசி ஊசிக்கு முன்னால் அந்த இருமலும் கேட்காமல் போய்விட்டது.

ஊசி முடிந்ததும் டாக்டர் உன்னைச் சேலத்துக்கு அனுப்பி நெஞ்சைப் படம் எடுத்தார். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, "ஒரு தழும்புகூட இல்லய்யா! நான் வைத்தியம் பார்த்ததிலேயே இந்த மாதிரி குணம் கண்டதில்லை" என்று என் கையைப் பிடித்துக் குலுக்கினார். ஆறிய இடத்தில் ஏதாவது ஒரு வடு இருக்கும். உன் நெஞ்சில் ஆறுவதற்கு எதுவுமே இல்லை. காது போனதைக் கேட்டு வருத்தப்பட்டார், உயிர் தப்பியதே என்று சமாதானம் சொன்னார். எப்போது கேட்காமல் போயிற்று என்று கேட்டார், "கடைசியிலதானுங்க" என்றேன். அவர் இப்போது உயிரோடு இல்லை. அந்தப் படத்தை நான் பெட்டியின் அடியில் ஒளித்து வைத்திருந்தேன். இந்தக் கடிதத்தோடு வைத்திருக்கிறேன். வாத்தியாரிடம் கொடு. எந்த டாக்டரிடம் வேண்டுமானாலும் காட்டிக்கொள்ளட்டும்.

உன் அம்மா கதைக்கு வருகிறேன். இதை எழுதத்தான் எனக்குக் கை ஓடவில்லை. மூன்று வருஷம் கழித்து அவள் இருமினாள், மாலையானால் காய்ச்சல், எலும்பும் தோலுமாகப் போனாள். நான் அவள் பக்கத்தில் பாய் போட்டுப் படுத்தவன். எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியாதா? தெரிந்துகொண்டே மிக்சர் கொடுத்து நாளைக் கடத்தினேன். டாக்டர் பார்க்கும்போது நெஞ்சில் இரண்டு பக்கமும் அரித்திருந்தது. சாவதற்கு முன்னால் உன்னைக் கை காட்டிக் கூப்பிட்டு, "நீ குடுத்ததுடி இது" என்றாள். உனக்குக் கேட்கவில்லை. ஆனால் உதட்டைப் பார்த்துப் படித்துவிட்டாய். என்னைத் திரும்பிப் பார்த்தாய், அப்படியா என்று கண்ணால் கேட்டாய். நான் தலையைக் குனிந்துகொண்டேன். நீ அதை ஆமாம் என்று எடுத்துக்கொண்டாய். அவள் செத்தது என் நோயில். உன்னைப் பழித்துக்கொண்டு செத்தது என் பொய்யில்.

இன்னும் ஒன்று பாக்கி இருக்கிறது. எல்லாவற்றிலும் கேவலமானது இதுதான். கொட்டாயில் உன்னைத் தனியாக வைத்திருந்தபோது நான் வந்து உன் தட்டிலேயே கை வைத்துச் சாப்பிடுவேன். நீ பதறித் தட்டை இழுப்பாய், நான் விடமாட்டேன். ஊரே அதைப் பார்த்தது. "பெத்தவன்னா இவனல்லோ!" என்று சொன்னார்கள். நீ என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, "நீங்க ஒருத்தர்தானுங்கப்பா என்னைய ஒதுக்கலை" என்று அழுதாய். உன்னிடமிருந்து எனக்கு வர எதுவும் இல்லை என்று எனக்குத் தெரியும் அம்மிணி. அதனால்தான் அவ்வளவு தைரியம். என் முன்னால் உட்கார்ந்து, என் இருமலை வாங்கிக்கொண்டு நீ பயப்படாமல் சாப்பிட்டாயே, தைரியம் என்றால் அதுதான், உனக்கே தெரியாத தைரியம். அந்த ஒரு தட்டுக்காக நீ பதினோரு வருஷம் எனக்குச் சமைத்துப் போட்டாய், என் துணியைத் துவைத்தாய், கட்டிலைச் சுத்தம் செய்தாய். அந்த நன்றியை நான் வெட்கமில்லாமல் தின்றேன்.

போன மாதம் எனக்கு ரத்தம் வந்தது. நீ மிஷினில் இருந்தாய், பார்க்கவில்லை. சேலம் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனேன். சின்ன வயது டாக்டர், நிதானமாகக் கேட்டார்: "பெரியவரே, முன்னாடி எப்பவாச்சும் இந்த மாத்திரை சாப்பிட்டிருக்கீங்களா?" "இல்லீங்க" என்றேன். அங்கேயும் பொய். ஊசியை விட்டுவிட்டு மாத்திரையை மட்டும் தனியாகத் தின்றதால் கிருமி செத்ததுபோல நடித்துவிட்டு அந்த மருந்துக்குப் பழகிக்கொண்டுவிட்டது. இரண்டு மருந்து சேர்ந்து செய்கிற வேலையை நான் நம் இரண்டு பேருக்கும் பங்கு வைத்தேன், இரண்டு பேரையும் கெடுத்தது. உன் அம்மாவுக்கு டாக்டர் கொடுத்த அதே மாத்திரை வேலை செய்யாமல் போனது இதனால்தான். இப்போது எனக்கும் வேலை செய்யவில்லை. சரியான தண்டனைதான். இதற்காக நீ பரிதாபப்பட்டு உட்கார்ந்துவிடாதே, அதற்கு நான் எழுதவில்லை.

கம்பவுண்டர் புத்தி போகுமா? கடைசியாக ஒன்று சொல்கிறேன், இதை மட்டும் நம்பு. அந்த வீட்டில் ஒரு குழந்தை இருக்கிறது. குழந்தை என்றால் இருமும். உனக்குக் கேட்காது, அதனால் பார். சட்டையைக் கழற்றிவிட்டு நெஞ்சைப் பார். மூச்சு இழுக்கும்போது விலாவுக்குக் கீழே குழி விழுந்தாலோ, மூக்குத் துவாரம் விரிந்து விரிந்து அடங்கினாலோ, ஒரு நிமிஷமும் தாமதிக்காமல் டாக்டரிடம் தூக்கிக்கொண்டு போ. முதுகில் உள்ளங்கையை வைத்துப் பார், இழுப்பு இருந்தால் கைக்கே தெரியும். உதடு நீலம் பூத்தால் பஸ்ஸுக்குக் காத்திருக்காதே, வண்டியோ காரோ பிடி. இருமல் மூன்று வாரம் தாண்டினால் யாராக இருந்தாலும் சளியைச் சோதிக்கச் சொல், அவரவர் சளியை. ஆரம்பித்த மருந்தை நடுவில் நிறுத்தாதே. கைராசிக்காரன் எவன் வந்து இருமலைக் கேட்டவுடனே நோயைச் சொல்லிவிட்டாலும் வெளியே போகச் சொல். காதை நம்பிய நான் மூன்று பேரைக் கெடுத்தேன். கண்ணையும் கையையும் நம்பி நீ அந்தக் குழந்தையை வளர்த்துவிடுவாய்.

வாத்தியாரிடம் இன்று காலையே எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். நேரில் போய்ச் சொல்லவில்லை, தபாலில் எழுதிப் போட்டேன், என் தைரியம் அவ்வளவுதான். நீ மறுத்தாலும் அவருக்கு உண்மை போய்ச் சேரும். வெள்ளிக்கிழமை அவர் வந்தால் ஸ்லேட்டில் உன் பதிலை மறுபடி எழுது. வேண்டாம் என்று தோன்றினால் வேண்டாம் என்றே எழுது, ஆனால் நோயைச் சொல்லி எழுதாதே. சம்மதம் என்றால் அந்தக் குழந்தையை இந்த வீட்டுக்கு ஒரு நாளும் கூட்டி வராதே, நீயும் வராதே.

மன்னிப்புக் கேட்டு எழுத நினைத்தேன். கேட்டால் நீ கொடுத்துவிடுவாய், அதனால் கேட்கவில்லை. என் பாயைக் கொல்லைக் கொட்டாயில் போட்டுக்கொண்டுவிட்டேன், நீ கிடந்த அதே மூலையில்தான். அங்கே நான் இருமினால் உனக்குக் கேட்காது, அதற்கு நான் அன்றைக்கே வழி செய்துவிட்டேன். என் தட்டைக் கழுவிக் கொட்டாய் வாசலில் கவிழ்த்து வைத்திருக்கிறேன். சோற்றைத் தள்ளி நின்று போட்டுவிட்டுப் போ. தட்டைத் தொடாதே.

அப்பன்